மாரிக்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள்



தைப்பொங்கலுக்கு முதல் வீட்டுக்கு வெள்ளையடிப்பது யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். மார்கழி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் சுண்ணாம்பை வாங்கிவந்து நீற்றி, சிறிது நீலம் கலந்து, மதில் முதல் அடுப்படிச் சுவர் வரை பூசுவார்கள். அதற்கு முன்னரே, மாரி தொடங்குமுன், கூரையில் ஆள் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றும் வேலை முடிந்திருக்கும். இவற்றைப் பண்டிகைக்கான அலங்காரமாகவும், ஆண்டுதோறும் வருகின்ற ஒரு செலவாகவுமே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு வீடு நூறு ஆண்டுகள் நிற்பதற்கு வேண்டிய பராமரிப்பு அந்த வழக்கத்துக்குள் அடங்கியிருந்தது என்பதை, வழக்கம் விட்டுப்போன பின்னர் எமது சுவர்கள் எமக்குச் சொல்லித் தருகின்றன.

கிராமங்களுக்குச் சென்று பெண்களைச் சந்திப்பது எனது தொழில். வாழ்வாதாரம், பிள்ளைகளின் படிப்பு, கடன் என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் வீட்டில் வந்து முடியும். "மழை வந்தால் நித்திரை இல்லைப் பிள்ளை, சுவரெல்லாம் ஊறுது" என்று சொல்லாத தாய்மார் குறைவு. ஆகவே இம்மாதம் பழைய வீடுகளின் வெளிப்புறத்தைப் பற்றி, அதாவது கூரை, சுவர், திண்ணை, கதவு, யன்னல், அடித்தளம் ஆகியவற்றைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன்.

உறுதியில் யார் பெயர்?

இதற்குப் பெண்கள் சஞ்சிகையில் என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். வட பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணின் சொத்து. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழமையைப் பதிவு செய்தது. தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு பேத்திக்கு என்று பல தலைமுறைகளாகக் கைமாறி வந்த வீடுகள் இன்றும் உள்ளன. ஆனால் உறுதியில் பெயர் இருப்பதும் தீர்மானம் எடுப்பதும் ஒன்றாக இருக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தனது அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. சட்டம் விற்பனையைப் பற்றியே பேசினாலும், வீட்டுத் திருத்த வேலையிலும் அதே மனப்பாங்குதான் நிலவுகிறது. வீடு அவளுடையது, மேசனோடு பேசுவது அவளது தமையனோ மைத்துனரோ.

போருக்குப் பின்னர் கணவரை இழந்த, கணவர் காணாமல் ஆக்கப்பட்ட, தனியே குடும்பத்தைத் தாங்குகின்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு வீடு ஒன்றுதான் பெறுமதியான ஒரே சொத்து. அதற்குச் செய்யும் திருத்தம் தவறினால் காசும் போகிறது, சுவரும் போகிறது, கடன் மட்டும் மிஞ்சுகிறது. இதனாலேயே சுண்ணாம்பையும் சீமெந்தையும் பற்றிய அறிவு பெண்களுக்கு அவசியம் என்கிறேன்.

ஓர் உண்மையையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்சார் வீடும் கல் மதிலும் எமது சமூகத்தில் எல்லோருக்கும் வாய்த்தவை அல்ல. சாதியும் காணியும் வருமானமும் பலரை மண்வீட்டிலும் ஓலைக் குடிசையிலுமே வைத்திருந்தன. ஆனால் மண்சுவரைச் சாணமிட்டு மெழுகி மழைக்கு முன் தயார்படுத்திய பெண்ணிடம் இருந்ததும் இதே அறிவுதான். சுவர் கல்லானாலும் மண்ணானாலும் தண்ணீரை விலக்கி வைப்பதே முதல் விதி.

சீமெந்து எப்படி மதிப்பைப் பெற்றது?

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது தடைசெய்யப்பட்ட பொருள்களில் சீமெந்தும் ஒன்று. ஒரு பை சீமெந்து கண்ணிற்படாத ஆண்டுகள் அவை. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ9 வீதி திறந்தபோது சீமெந்து வந்தது. 2009இன் பின்னர் தாராளமாக வந்தது. நீண்ட காலம் கிடைக்காத பொருளுக்கு மக்கள் மனதில் தனி மதிப்பு ஏற்படுவது இயல்பு. சீமெந்து பூசிய சுவர் மீண்டு வந்ததன் அடையாளமாகவும் வெளிநாட்டுக் காசின் அடையாளமாகவும் ஆனது. சுண்ணாம்பு ஏழ்மையின் அடையாளமாகியது.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மூத்த மேசன்மார் பலர் திரும்பி வரவில்லை. வந்தவர்களிடம் இளையவர்கள் கற்கவில்லை. இன்று வேலைக்கு வரும் இளம் மேசனுக்குச் சீமெந்து மட்டுமே தெரிந்திருப்பது அவரது குற்றமல்ல. கற்றுக்கொடுக்கும் தொடர் அறுந்துவிட்டது.

இப்படியான நிலையில்தான் இந்த யோசனை வருகிறது: "அக்கா, உந்தப் பழம் பூச்சையெல்லாம் கொத்திக் கொட்டிப்போட்டுச் சீமெந்தாலை பூசினால் இருவது வருசத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை." கேட்பதற்கு ஆறுதலான வார்த்தை. வலிகாமத்தில் நான் அறிந்த ஒரு தாய் இந்த வார்த்தையை நம்பித் தன் காப்பை அடகு வைத்து முன்பக்கச் சுவர் முழுவதற்கும் சீமெந்து பூசி, அதன் மேல் பெயின்ற்றும் அடித்தார். முதல் ஆண்டு வீடு புதுமணப்பெண் போல் இருந்தது. மூன்றாவது மாரியில் சுவரின் அடிப்பகுதி ஊதிக்கொண்டு வந்தது. பெயின்ற் செதில் செதிலாக உரிந்தது. அதுவரை உலர்ந்திருந்த உட்சுவரில் ஈரமும் பூஞ்சணமும் படர்ந்தன. முட்டு இழுக்கின்ற மகளை அந்த அறையிற் படுக்க வைக்க முடியவில்லை. காப்பு இன்னமும் அடகிலேயே இருக்கிறது.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

இதற்கான காரணம் மிக எளிது. எமது பழைய கல்வீடுகள் சுண்ணக்கல்லையோ முருகைக்கல்லையோ சுண்ணாம்புச் சாந்தினால் இணைத்துக் கட்டப்பட்டவை. இக்கற்களும் சாந்தும் நுண்துளைகள் நிறைந்தவை. அக்காலத்து அடித்தளங்களில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. ஆகவே மாரியில் நிலத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறவே செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் கோடையில் வெளியே விட்டுவிடும். ஏறுவதும் உலர்வதுமாகச் சுவர் ஆண்டுதோறும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

சீமெந்துப் பூச்சு இறுக்கமானது. ஈரம் எளிதில் வெளியேற விடாது. அதன் மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ற்றும் அடித்துவிட்டால் மூச்சு முற்றாக அடைபடுகிறது. வெளியே போக முடியாத ஈரம் சுவரில் இன்னும் உயரமாக ஏறுகிறது, அல்லது வீட்டின் உட்பக்கமாக வருகிறது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகப் படிந்து, பூச்சையும் கல்லின் முகத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது. சுவர் ஊதுவதும் வெள்ளையாக உப்புப் பூப்பதும் இதனால்தான். அத்துடன், சீமெந்துப் பூச்சு பழைய சுவரைவிட வலிமையானது. வெயிலிலும் மழையிலும் சுவர் சிறிது அசையும்போது சுண்ணாம்பு அதனோடு இசைந்து கொடுக்கும், சீமெந்து வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக மழைநீர் உள்ளே போகும். போனது திரும்பி வராது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காலிக் கோட்டையின் பழைய வீடுகளும் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவையே. தென்மேற்கின் கபுக்கல் வீடுகளிலும் சுண்ணாம்புப் பூச்சு உண்டு. எங்கே இருந்தாலும் மென்மையான சுவருக்கு மென்மையான பூச்சு என்பதே பொருத்தம். சீமெந்து கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. சீமெந்துக் கல்லால் கட்டிய புதுவீட்டுக்கு அது உரியது. சுண்ணாம்பு வீட்டுக்கு உரியதல்ல.

உங்கள் வீடு எவ்வகை என்று தெரியாவிட்டால் பூச்சு உடைந்த ஓரிடத்தில் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெண்மையாக எளிதில் உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறமாக, ஆணி வழுக்குமளவு கடினமாக இருந்தால் சீமெந்து.

மேலிருந்து கீழாகப் பாருங்கள்

ஆவணி, புரட்டாதி மாதங்களில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். பார்க்கும் ஒழுங்கு முக்கியம்: கூரை முதலில், நிலம் அடுத்து, சுவர் பிறகு, வெள்ளை கடைசியில். கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது காசைக் கரைத்து ஊற்றுவதற்குச் சமன்.

கூரையை வீட்டின் உள்ளே நின்று நடுப்பகலில் பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் மழை வரும் இடம். தேங்காயும் குரங்கும் பூனையும் ஓடுகளை நகர்த்திவிடுகின்றன. விலகிய ஓட்டைத் திருப்பி வைக்க அரை நாள் கூலி போதும். விட்டுவைத்தால் அதன் கீழுள்ள சலாகையும் கைமரமும் உக்கிப்போகும். முகட்டு ஓடுகளைப் பிடித்திருக்கும் சாந்து வெடித்திருக்கிறதா என்பதையும் ஏறுபவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். எங்காவது பழைய வீடு உடைக்கப்பட்டால் அதே அளவுள்ள ஓடுகளைக் கேட்டு வாங்கிக் கொல்லைப்புறத்தில் அடுக்கி வையுங்கள். பிற்பாடு அந்த அளவில் கிடைக்காது. வயிரம் பாய்ந்த முதிர்ந்த பனையின் கைமரங்கள் கறையானுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. தொடர்ந்து நனைவதுதான் அவற்றுக்கு எமன். ஒரு கைமரத்தின் நுனி மட்டும் உக்கியிருந்தால் பக்கத்தில் துணைமரம் சேர்த்துத் திருத்தலாமா என்று தச்சரிடம் கேளுங்கள். பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

ஓட்டை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் தகடு போடும் யோசனையும் வரும். வீடு வெக்கை கொள்ளும் என்பது ஒன்று. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு என்பது மற்றொன்று. ஏற்கெனவே தகடு போட்டிருப்பவர்கள் அதை உடைக்கவோ வாளால் அறுக்கவோ உலரவைத்துத் தேய்க்கவோ வேண்டாம், தூசுதான் ஆபத்து.

பீலிகளில் இலை அடைந்திருந்தால் மழைநீர் வழிந்து சுவரோடு இறங்கும். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பும் பெருகும். ஆகவே பீலியைத் துப்புரவாக்குவது வீட்டுக்கும் உடம்புக்கும் நல்லது.

அடுத்து நிலம். பல ஆண்டுகளாகக் குப்பையும் மண்ணும் சேர்ந்து முற்றம் உயர்ந்து, சுவரின் அடி புதைந்து போயிருக்கும். சுவரை ஒட்டிய மண்ணை வெட்டி அகற்றி, தண்ணீர் வீட்டிலிருந்து விலகி ஓடுமாறு சரிவு செய்யுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2020 டிசம்பரில் புரவிப் புயலின்போதும் வடக்கில் நீர் வடிய வழியில்லாத வளவுகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அழகுக்காகச் சுவரைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: மண்ணின் வழியாக ஆவியாகிப் போகக்கூடிய ஈரத்துக்கு அத்தளம் தடையாகி, அதைச் சுவரின் பக்கம் திருப்பிவிடுகிறது. மண்வெட்டியும் ஒரு நாள் உழைப்பும் செய்யும் வேலையைப் பல பை சீமெந்து கெடுத்துவிடும். பூச்சாடி, விறகு, பழைய பலகை எதையும் சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள். விறகு கறையானுக்குப் பாலம். பூச்சாடி ஈரத்துக்கு ஊற்று.

சுவரில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் விரலளவாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். பெரிதாக வளர்ந்ததை இழுத்துப் பிடுங்கினால் கற்களும் சேர்ந்து வரும். அதற்குச் சாந்தை மெல்லக் கொத்தி வேரை வெளிப்படுத்தி எடுத்து, அந்த இடத்தை உடனே மூடவேண்டும். பின்னர் விரல் முட்டியால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். வெறுமையான ஓசை வரும் இடங்களில் பூச்சு கல்லைவிட்டுக் கழன்றிருக்கிறது. அந்த இடங்களை மட்டும் கொப்பியில் குறியுங்கள். முழுச் சுவரையும் கொத்தவேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தக் குறிப்புத்தான் மேசன் வரும்போது உங்கள் கையில் இருக்கவேண்டிய ஆயுதம்.

சுண்ணாம்பு வேலை

சுண்ணக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அது தண்ணீரில் நீறுகிறது. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணக்கல்லாகவே மாறுகிறது. ஆண்டுதோறும் வெள்ளையடித்தபோது சுவருக்கு மெல்லிய கற்போர்வை ஒன்றைப் போர்த்தி வந்திருக்கிறோம் என்று சொல்லலாம். நுண்ணிய வெடிப்புகளை அது அடைத்தும் விடுகிறது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது மிகுந்த அவதானம் தேவை. முதலில் பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, அதற்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணியுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனடியாகச் சுத்தமான நீரால் இருபது நிமிடமாவது விடாமல் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள் கடைகளில் பையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளை வாங்கலாம்; அதற்கும் கண்ணாடியும் உறையும் தேவை. பயிருக்குப் போடும் டொலமைட் தூள் சுடப்படாதது. அது சுவரில் பிடிக்காது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைச் சில நாட்கள் நீரில் ஊறவிட்டு, பழைய சேலைத் துணியில் வடித்து, பால் பதத்தில் கரைத்துக்கொள்ளுங்கள். பிடிப்புக்காகச் சிறிது அரிசிக் கஞ்சி சேர்ப்பவர்களும் உண்டு. சுவரைத் தும்பால் தேய்த்துத் தூசும் பாசியும் போக்கி, நீர் தெளித்து நனைத்தபின் பூசவேண்டும். தடிப்பாக ஒருமுறை அடிப்பதைவிட மெல்லிதாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடிப்பது நல்லது. கொதிக்கும் வெயில் விழும் சுவரில் பூசாதீர்கள்; காலையிலும் மாலையிலும் நிழல் விழும் பக்கமாகச் செய்யுங்கள். அவசரமாக உலர்ந்த வெள்ளைதான் கையில் ஒட்டுகிறது. பிளாஸ்டிக் பெயின்ற்றின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பழையதைச் சுரண்டிய பின்னரே அடிக்கலாம்.

உதிர்ந்த பூச்சைத் திருத்த ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு அரித்துக் கழுவிய மணல் என்பது பொதுவான அளவு. கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தைக் கூப்பிட்டு வைத்திருக்கும். ஒரு படை அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பூசி, சில நாட்களுக்கு ஈரச் சாக்கினால் மூடி மெல்ல உலரவிட வேண்டும். இதற்குத் தை முதல் சித்திரை வரையான மழையற்ற காலம் ஏற்றது. முற்காலத்தில் சாந்துக்குப் பனங்கட்டிக் கரைசல் சேர்த்ததை முதியவர்கள் சொல்வார்கள். அது இல்லாமலும் நல்ல சாந்து குழைக்கலாம். சுண்ணாம்புக்காகக் கடல் முருகைக்கல்லைத் தேடாதீர்கள். 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் அதை எடுப்பதைத் தடைசெய்துள்ளது. கரையைக் காக்கும் கல்லை எடுத்து வீட்டைக் காப்பது அறிவுடைமை ஆகாது.

ஏற்கெனவே சீமெந்து பூசிவிட்டவர்கள் மனமுடைய வேண்டாம். நன்றாக ஒட்டியிருக்கும் சீமெந்தைப் பலவந்தமாக உடைத்தால் கல்லின் முகமும் பெயர்ந்துவிடும். ஊதிக் கழன்ற அடிப்பகுதியை மட்டும் மெல்ல அகற்றி, ஒரு கோடை முழுவதும் உலரவிட்டு, பின் சுண்ணாம்புச் சாந்து பூசலாம். மேலே சொன்ன தாயின் வீட்டில் இப்போது அந்த வேலையே நடக்கிறது.

கதவு, யன்னல்களின் பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் 2013ஆம் ஆண்டு முதல் பெயின்ற்றில் சேரும் ஈயத்துக்குச் சட்டப்படி உச்ச அளவு உண்டு. அதற்கு முன் அடித்ததை உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். தூசைச் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவ்விடத்தில் நிற்கவேண்டாம். திண்ணையின் மரத்தூண் அடியில் உக்கியிருந்தால் முழுத்தூணையும் மாற்றத் தேவையில்லை. உக்கிய அடியை மட்டும் வெட்டிப் புதுமரம் பொருத்தத் தச்சரால் முடியும்.

செல் பட்ட சுவர்கள்

எமது பழைய வீடுகளில் இன்னொரு வகைச் சேதமும் உண்டு. செல் துண்டுகளும் சன்னங்களும் துளைத்த சுவர்கள் இன்னமும் இருக்கின்றன. அவற்றைத் திருத்துவதா விடுவதா என்பதை வெளியார் சொல்ல முடியாது. வடமராட்சியில் ஒரு அம்மா தமது விறாந்தைச் சுவரிலுள்ள துளைகளையெல்லாம் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் விடச் சொன்னார். அவரது மகன் அந்த இடத்தில்தான் விழுந்தான். மேசன் மறுபேச்சுப் பேசாமல் துளையின் ஓரங்களைச் சாந்தால் கட்டி, மழைநீர் தங்காதவாறு உள்ளே சரிவு கொடுத்தார். நினைவும் நின்றது, சுவரும் நின்றது. வீடு யாருடையதோ தீர்மானமும் அவருடையது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மேசனோடு பேசும்போது

வேலை தொடங்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிப் பழக்கம் உண்டா? எந்த இடங்களைக் கொத்துவீர்கள், எவற்றை விடுவீர்கள்? ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? எத்தனை நாள் நனைத்து வைக்கவேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் பூச்சைப் பற்றியே பேசுபவரிடம் வேலையைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு சிறு சுவரைக் கொடுத்துப் பாருங்கள். கூலியை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகளை நீங்களே வைத்திருங்கள். ஊரில் மூத்த மேசன் ஒருவர் இருந்தால், ஏணி ஏற முடியாதவராயினும், கதிரை போட்டு அமர்த்தி இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். அவருக்கும் ஒரு நாள் கூலி கொடுங்கள். அறிவுக்கும் கூலி உண்டு.

வெளிநாட்டிலுள்ள சகோதரர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "வீட்டைப் பார்த்துக்கொள்" என்பது பராமரிப்புச் செலவில்லாமல் சொல்லக்கூடிய வார்த்தையல்ல. ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். கடன்பட்டுப் பிறர் வீட்டைத் திருத்தாதீர்கள்.

உங்கள் சொந்த வீட்டுக்கும் பெரிய திருத்தத்துக்காகக் கடன் எடுக்குமுன் ஓராண்டு பொறுத்து, ஓடு, பீலி, நிலச்சரிவு ஆகிய மூன்றையும் சரிசெய்து பாருங்கள். மாதர் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஏணி, சுண்ணாம்பு நீற்றும் பரல் ஒன்று, தூரிகைகள் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கலாம். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து வெள்ளையடித்தால் கூலியும் மிச்சம்; பழைய வழக்கமும் திரும்பும்.

சகோதரிகளே, ஒரு வீடு ஒரே நாளில் விழுவதில்லை. ஒரு ஓடு விலகி, ஒரு கைமரம் நனைந்து, ஒரு வெடிப்பு விரிந்து பல மாரிகள் சென்ற பின்னர்தான் விழுகிறது. அதைத் தடுக்கும் வேலையும் அப்படியே சிறிது சிறிதாகச் செய்யக்கூடியது. வாடைக்காற்று மழையைக் கொண்டுவருமுன் ஒரு காலைப்பொழுது கொப்பியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். உங்கள் மகளையும் கூட்டிச் செல்லுங்கள். உறுதியில் அவளது பெயர் வரும் நாளில், சுவரைத் தட்டிப் பார்க்கவும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.